படி தாண்டின கொழுக்கட்டை

அம்முலு: ...அப்பால சொல்லு மாமா. மொதல்ல இந்தத் தேங்காய துருவு.

வினோத்: நான் சொல்றதக் கேக்கறியா, இல்லியா?

அம்முலு: காது கேக்கத்தான் செய்யுது. உன் கையி சொம்மா கீதேன்னு சொன்னேன். வெளக்கு வைக்கற நேரத்துக்கு தெருவே வந்து நிக்கப்போவுது. இன்னும் ரெண்டாவது ஈடே எறக்கல.

வினோத்: ரவ நேரம் அடுப்ப அணைச்சா இன்னா கொறஞ்சுபூடும்?

அம்முலு: அணைச்சா மாவு எறுகிடும். எறுகினா கொயுக்கட்ட வெடிக்கும். வெடிச்சா உங்க அக்கா வாய் நிக்காது. போதுமா?

வினோத்: அக்கா எங்க?

அம்முலு: தெருக்கோடில. போறவங்க வர்றவங்கள எல்லாம் நிக்கவச்சி, எங்க லோகித்து படி தாண்டிட்டான், சாயங்காலம் கொயுக்கட்ட வாங்கிக்க வந்துடுங்கன்னு சொல்லிக்கினு கீறாங்க. சேதி கேட்டதும் பழையசீவரத்துலருந்து பஸ்ஸப் புடிச்சி ஓடியாந்தவங்க... வந்ததுலருந்து குந்தல.

வினோத்: நைனா?

அம்முலு: புள்ளய தோள்ல போட்டுக்கினு கூடவே. புள்ள எப்பவோ தூங்கிட்டான். அவரு பாட்டுக்கு நடந்துக்கினே கீறாரு. ஒரு வூடு வுடல... துருவு மாமா, பாத்துக்கினே நிக்கற.

வினோத்: நான் இன்னிக்கு கம்பெனிக்குப் போவல, அம்முலு.

அம்முலு: தெரியும்.

வினோத்: எப்படி?

அம்முலு: சோத்து டப்பாவ அலமாரி மேலயே வச்சிட்டுப் போயிட்ட. ஷிப்டுக்குப் போற அன்னிக்கு நீ செருப்ப மறந்தாலும் சோத்த மறக்கமாட்ட. சிரிக்க மாட்டியா? நல்லாத்தான சொன்னேன்.

வினோத்: செங்கல்பட்டு போயிருந்தேன். டாக்டரம்மாவ பாத்தேன். போன மாசம் மெஷினுக்குள்ள படுக்கவச்சி புள்ள தலைய படம் புடிச்சாங்களே... அது வந்துடுச்சு.

அம்முலு: வெல்லம் பத்துமான்னு பாரு. அந்த ஏனத்துல கீது.

வினோத்: அம்முலு.

அம்முலு: இன்னா?

வினோத்: படத்துல இன்னா கீதுன்னு கேக்கமாட்டியா?

அம்முலு: கேட்டு இன்னா ஆவப்போவுது? அவன்தான் படி தாண்டிட்டானே.

வினோத்: அத்தப் பத்தித்தான் நான்...

பெருந்தேவி: அம்முலு, அந்தப் பெரிய தாம்பாளத்த எங்க வச்சிக்கீற? அட, தம்பி, நீ எப்ப வந்த? மூஞ்சி இன்னாத்துக்கு இப்படி தொங்குது?

வினோத்: வண்டில வந்தது, வெயிலு அக்கா.

பெருந்தேவி: வெயிலாம் வெயிலு. பையன் படி தாண்டின அன்னிக்கு அப்பங்காரன் எப்படி இருக்கணும்? நீ தாண்டின அன்னிக்கு நைனா ஊரையே கூட்டிட்டாரு, தெரியுமா? கொயந்த தவுந்துபோய் வாசப்படிய தாண்டிட்டா அன்னிக்குத் தெருவுக்கே கொயுக்கட்ட. நம்ம வூட்டுல இதுவரைக்கும் தப்பினது இல்ல. இந்தப் புள்ளைக்குத்தான் தப்பிடுமோன்னு நான் பயந்துக்கினு இருந்தேன்.

அம்முலு: தாம்பாளம் பரண் மேல கீது அண்ணி.

பெருந்தேவி: நீ போட்டோ பாத்தியாடா? நைனா எனக்கு அனுப்பினாரே. கோலத்து மேலயே ஒடம்ப இஸ்துக்கினு போன தடம். முட்டியெல்லாம் மாவு. பாத்ததும் எனக்கு அயுகையே வந்துடுச்சு.

வினோத்: கோலத்துல தடமா?

பெருந்தேவி: நீ பாக்கலியா? வாசல்ல இன்னும் அப்படியே கீதே. அத்த யாரும் கூட்டக்கூடாதுன்னு நைனா கண்டிசனா சொல்லிட்டாரு. மாட்டாண்டருந்து வந்தாராம், பாத்தா புள்ள படிக்கு அந்தாண்ட குப்புற படுத்துக்கினு, தலைய தூக்கி ரோட்டப் பாத்துக்கினு கீறானாம். போற பஸ்ஸப் பாக்கற மாதிரி.

வினோத்: ரோட்டையா பாத்தான்?

பெருந்தேவி: பின்ன, வூட்டையா பாப்பான்? வெளிய போவணும்னுதான தாண்டினான்.

வினோத்: நைனா... நல்லாப் பாத்துதான் சொன்னாரா?

பெருந்தேவி: இன்னாடா வக்கீல் மாதிரி கேக்கற. அப்பால இன்னொண்ணு. திங்கக்கெழம அந்த எக்சசைஸ் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவ வேணாம்னு நைனா சொல்லிட்டாரு. புள்ளய அந்த ரப்பர் பந்து மேல போட்டு உருட்டறதும், அது கத்தறதும்... படி தாண்டின புள்ளைக்கு இன்னாத்துக்கு அந்த ரோதன?

வினோத்: அக்கா, அத்த அப்பால பேசிக்கலாம்.

பெருந்தேவி: நான் இன்னா சொல்லிட்டேன்? அம்முலு... நான் கூட உன்ன ஒண்ணு ரெண்டு பேசியிருக்கேன். அடக்கமா வூட்டுல குந்தாம ஜவுளிக்கடைக்கு பஸ்ஸுல நின்னுக்கினு போனா, அதான் ஏழாம் மாசத்துலயே பொறந்துடுச்சுன்னு. மனசுல வச்சிக்காத. எல்லாம்தான் சரியாயிடுச்சே.

அம்முலு: தாம்பாளம் பரண் மேல கீது அண்ணி.

பெருந்தேவி: கேட்டுடுச்சு, கேட்டுடுச்சு. எடுத்துக்கறேன்.

வினோத்: போயிட்டாங்களா?

அம்முலு: போயிட்டாங்க.

வினோத்: கேட்டியா? திங்கக்கெழம போவ வேணாமாம்.

அம்முலு: ம்.

வினோத்: நைனா வரலன்னா நீ எப்படிப் போவ? எனக்கு ஷிப்ட்டு. சாலவாக்கத்துலருந்து உத்திரமேரூரு, அங்க எறங்கி காஞ்சிபுரம் பஸ்ஸு. புள்ள தலைய ஒரு கையில தாங்கணும், பைய ஒரு கையில தூக்கணும். வாரத்துக்கு மூணு தபா. அவரு தொணைக்கு வந்ததாலதான் இத்தினி நாளு நடந்துது.

அம்முலு: தெரியும் மாமா. எனக்குத் தெரியாததா சொல்ற?

வினோத்: அப்ப நான் சொல்றதக் கேளு. கையில கீறத கீய வையி.

அம்முலு: வைக்கமாட்டேன். கையில வேல இருந்தாத்தான் என்னால கேக்க முடியும். சொல்லு.

வினோத்: தலைக்குப் பின்னாடி... தோ, இங்க, பொடனிக்கு மேல... சிறுமூளைன்னு ஒண்ணு கீதாம். குந்தறது, நிக்கறது, நடக்கறது, சோத்த ஒயுங்கா வாயாண்ட கொண்டுபோவறது... எல்லாத்தயும் தடுமாறாம பண்ண வைக்கறது அதானாம்.

அம்முலு: அது நம்ம புள்ளைக்கு இல்லியா?

வினோத்: கீது, கீது. அவசரப்படாத. அதுல ரெண்டு மாதிரி செல்லு. ஒண்ணு பெருசு. மரம் மாதிரி கெள கெளயா வுட்டுக்கினு. அதுங்க முன்னாடியே வந்து ஒரே வரிசையா நின்னுடுது. இன்னொண்ணு பொடிசு. கேவுரு மாதிரி. கோடிக் கோடியா கீதாம். மொத்த மூளையில கீற செல்லுல பாதிக்கு மேல இந்தப் பொடிசுங்கதானாம்.

அம்முலு: இவ்ளோவும் டாக்டரம்மா சொன்னாங்களா? நம்மளாண்ட எப்பவும் ரெண்டு வார்த்ததான பேசுவாங்க.

வினோத்: இன்னிக்கு கூட்டம் இல்ல. கம்ப்யூட்டருல படத்தப் போட்டு, வெரல வச்சி வச்சி காமிச்சாங்க. பேரு கூட இன்னிக்குத்தான் பாத்தேன், ஷாரோன்னு போட்டுக்கீது. நமக்குப் புரியற மாதிரி சொன்னாங்க.

அம்முலு: சரி, பொடிசுக்கு இன்னா?

வினோத்: பொடிசுங்க எங்க பொறக்குது தெரியுமா? உள்ளாற இல்ல. வெளிய. சிறுமூளைக்கு மேல தோலாட்டம் ஒரு அடுக்கு கீது, அங்க பொறந்து பெருகிக்கினே கீது. அப்பால ஒண்ணு ஒண்ணா, அந்த பெருசுங்க வரிசைய தாண்டி, உள்ளாற எறங்குது.

அம்முலு: நாத்தங்கால்ல வுட்டு, பறிச்சி, கயனில நடறோமே... அது மாதிரியா?

வினோத்: நானும் அத்தான் கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சிட்டாங்க. அப்படித்தான், ஆனா இங்க பறிச்சி நட ஆளு இல்ல, நாத்தே நடந்து போவணும்னாங்க.

அம்முலு: அதுக்கு வயி தெரியுமா?

வினோத்: மேலருந்து கீய வரைக்கும் நூலு நூலா கீதாம். கயித்தப் புடிச்சிக்கினு கெணத்துல எறங்கறோமில்ல, அது மாதிரி அத்தப் புடிச்சிக்கினு எறங்கும். எறங்கி அதுது எடத்துல குந்திக்கும். அப்பால பெருசுங்களோட கை கோத்துக்கும். அப்பத்தான் வேலையே ஆரம்பம்.

அம்முலு: எப்ப நடக்குது இது?

வினோத்: இரு, இந்த மூடிய துருவிடறேன்.

அம்முலு: எப்ப மாமா?

வினோத்: வயித்துல கடைசி மூணு மாசம். அப்பத்தான் நாத்து தாறுமாறா பெருகுது. பொறந்து ஒரு வருசம், ஒன்ற வருசம் வரைக்கும் கூட எறங்கிக்கினு கீது.

அம்முலு: கடைசி மூணு மாசம்.

வினோத்: ம்.

அம்முலு: நம்மளுது அப்ப கண்ணாடிப் பொட்டில கெடந்துது.

வினோத்: ஆமா. அந்த நேரத்துல சிறுமூளையாண்ட ரவ ரத்தமும் கசிஞ்சிருக்கு. கொஞ்சம் நாத்து... வந்து சேரல. சிறுமூளை சின்னதா கீதுன்னு சொன்னாங்க.

அம்முலு: நடப்பானா?

வினோத்: நானும் கேட்டேன்.

அம்முலு: இன்னா சொன்னாங்க? முயுசா சொல்லு, முயுங்காத.

வினோத்: நடக்கமாட்டான்னு சொல்லல. நடப்பான்னு சத்தியம் பண்ணவும் மாட்டேன்னாங்க. லேட்டாவும். தள்ளாடுவான். நம்ம இன்னா பண்றோம்ன்றதும் அதுல கீது, அவன் இன்னா பண்றான்ன்றதும் கீதுன்னாங்க.

அம்முலு: அடுப்பப் பாரு, பொங்குது.

வினோத்: பொங்கல. நீதான் தண்ணிய கொட்டிட்ட. அயுவாத. இந்தா, தொடச்சிக்க.

அம்முலு: என்னாலதான மாமா. அண்ணி சொல்றதுல இன்னா தப்பு? கடையில நாளெல்லாம் நின்னுக்கினே இருந்தேன். பஸ்ஸுலயும் நின்னேன். ஒரு பொண்ணு எயுந்து எடம் குடுத்தா கூட, பரவால்லம்மான்னு...

வினோத்: அத்தயும் கேட்டேன்.

அம்முலு: எத்த?

வினோத்: நீ நின்னதாலயான்னு. நீ கேக்கமாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் நானே கேட்டேன். பஸ்ஸுல நின்னதால இல்ல. கடையில நின்னதால இல்ல. பப்பாளி தின்னியே ஒரு தபா, அதாலயும் இல்ல. பனிக்கொடத்துல கிருமி பட்டுக்கீது, அது யாருக்கும் வரும், உங்க சம்சாரம் பண்ண தப்பு ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க.

அம்முலு: மெய்யாலுமா?

வினோத்: மெய்யாலும்.

அம்முலு: நீ எனக்கோசரம் சொல்றியா?

வினோத்: அடுத்த தபா நீயே கேளு. போன் போட்டுத் தரட்டுமா?

அம்முலு: வேணாம்... இன்னொரு தபா சொல்லு.

வினோத்: உங்க சம்சாரம் பண்ண தப்பு ஒண்ணும் இல்ல.

அம்முலு: அப்படியேவா சொன்னாங்க, சம்சாரம்னு?

வினோத்: லோகித்தோட அம்மான்னு சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்.

அம்முலு: ஒயுங்கா சொல்ல மாட்டியே நீ... எத்தினி நாளா இத்த நெஞ்சுல வச்சிக்கினு கீறேன் தெரியுமா? அவன் அயுதா அது. அவன் பால் குடிக்கலன்னா அது. அண்ணியாண்ட சொல்லணும்... வேணாம், சொல்ல வேணாம். எனக்குத் தெரிஞ்சா போதும்.

பெருந்தேவி: ஆச்சா அம்முலு? எதிர் வூட்டு சுகுமார் குடும்பமே வந்துடுச்சு. நாலு கொயுக்கட்டைய வாயில போட்டுக்கினு போவலாம்னு பாக்கறாங்க.

அம்முலு: இன்னொரு ஈடு அண்ணி. எறக்கிட்டு கூப்புடறேன்.

பெருந்தேவி: கண்ணு ஏன் செவந்து கீது? இவன் எதுனா சொன்னானா?

அம்முலு: பொகை அண்ணி.

பெருந்தேவி: கேஸ் அடுப்புல ஏதுடீ பொகை?

வினோத்: அக்கா, நீ போய் எல்லாரயும் குந்தவையி. பாய் எடுத்துப் போடு.

பெருந்தேவி: போறேன்டா. புருசனும் பொண்டாட்டியும் இன்னிக்குத்தான் பேசணும்னு வச்சிருந்தீங்களா.

வினோத்: ...கேளு. இன்னொண்ணு சொன்னாங்க. இதான் முக்கியம்.

அம்முலு: சீக்கிரம். மறுபடி வந்துடுவாங்க.

வினோத்: அந்த பெரிய செல்லு கீதே, அது மேல மொதல்ல நாலஞ்சு கொடி ஏறிக்குமாம். கடைசில அதுல ஒண்ணுதான் நிக்கும். மத்ததெல்லாம் தானா வுட்டுட்டுப் போயிடும்.

அம்முலு: எது நிக்கும்?

வினோத்: எது நல்லா வேல செய்யுதோ அது. அந்தக் கொடியோட வேல இன்னான்னா, தப்பு ஆச்சுன்னா சொல்றது. புள்ள கைய ஊணறான், சறுக்குது, மோவாக்கட்ட தரையில இடிக்குது... ஒடனே அது வயியா சேதி போவும். இது சரியில்ல, அடுத்த தபா வேற மாதிரி ஊணுன்னு. அப்படித் தப்பு பண்ணி பண்ணித்தான் சிறுமூளை கத்துக்குதாம்.

அம்முலு: அப்ப அவன் சறுக்கணும்.

வினோத்: சறுக்கணும். வியுவணும். நாத்து கொஞ்சம் கம்மியா கீது, அத்த ஒண்ணும் பண்ண முடியாது. வந்து சேந்தது கை கோத்துக்கணும்ல, அதுக்கு அவன் தரையில கெடக்கணும். இடுப்புலயும் தோள்லயும் குந்திக்கினு கீற புள்ளைக்கு இன்னா சறுக்கும்?

அம்முலு: உங்க நைனா தரையில வுட்டாத்தான.

வினோத்: அதான் பேஜாரு.

அம்முலு: அவர குத்தம் சொல்லாத. அவன் கையகலம் கெடந்தத பாத்தவரு அவரு. எனக்கு ஜொரம், எயுந்துக்க முடியல. நீ மருந்துக்கு அலைஞ்சிக்கினு இருந்த. நெஞ்சோட நெஞ்சா ஒட்டவச்சி வச்சிக்கோங்கன்னு நர்ஸம்மா சொன்னதும், சட்டைய கயட்டிட்டு ராவும் பகலும் குந்திக்கினு இருந்தாரே. அன்னிலருந்து, கீய வுட்டா ஒடஞ்சிடுவான்ற நெனப்பு அவருக்கு.

வினோத்: நான் குத்தம் சொல்லல. அப்ப அதான் அவன காப்பாத்துச்சு. இப்ப எறக்கி வுடணும். இந்த ஒரு வருசம் போச்சுன்னா போனதுதான். அப்பாலயும் கத்துக்குவான், ஆனா ரொம்ப மல்லுக்கட்டணும்னாங்க. ஒரு வாரம் கூட வுட்டுடாதீங்கன்னு ரெண்டு தபா சொன்னாங்க. திங்கக்கெழம போயே ஆவணும், அம்முலு.

அம்முலு: போவணும்.

வினோத்: போவணும்னா நைனா வரணும். நைனா வரணும்னா...

அம்முலு: வரணும்னா?

வினோத்: அவன் படி தாண்டலன்னு நைனாவாண்ட சொல்லணும். சொல்லியே ஆவணும்.

அம்முலு: தாண்டலன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீதான் அப்ப இங்க இல்லியே.

வினோத்: இருந்தேன்.

அம்முலு: ம்.

வினோத்: நைனா மாட்டாண்ட போன நேரமா பாத்தேன். நீ பின்னாடி துணி தொவச்சிக்கினு இருந்த. எக்சசைஸ் சொல்லிக்குடுக்கறாங்களே ஆண்டாளம்மா, அவங்க எப்பவும் என்னத்தான் திட்டுவாங்க, புள்ளய தரையில போடு தரையில போடுன்னு. சரி, நைனா வர்றதுக்குள்ள ரவ நேரம் போடுவோம்னு தூக்கினு போயி, வாசப்படிக்கு அந்தாண்ட சிமெண்டுல குப்புறப் போட்டேன். நெயலா இருந்துது. தலைய தூக்கி என்னப் பாத்து சிரிச்சான்.

அம்முலு: சிரிச்சானா?

வினோத்: சிரிச்சான். அப்ப பாத்து ஆஸ்பத்திரிலருந்து போனு, படம் வந்துடுச்சு வாங்கன்னு. வாசல்ல டவர் கெடைக்காதில்ல... வேப்பமரத்தாண்ட போய் பேசினேன். தப்புதான். தனியா வுட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. பேசி முடிச்சி திரும்பறேன், நைனா சத்தம் கேக்குது. படி தாண்டிட்டான், எம்பேரன் படி தாண்டிட்டான்னு. வர்றதுக்குள்ள தெருவே கூடிடுச்சு. நைனா கையில புள்ள. அவரு மூஞ்சியப் பாத்தேன்... வண்டிய எடுத்துக்கினு கெளம்பிட்டேன்.

அம்முலு: அதான் என் மூஞ்சிய கூட பாக்காம போனியா?

வினோத்: பாத்தா சொல்லியிருப்பேன். வயியெல்லாம் மனசு அடிச்சிக்கினே இருந்துது. டாக்டரம்மா நாத்து கீத்துன்னு சொல்றாங்க, எனக்கு நைனா சிரிச்சதுதான் கண்ணுல நிக்குது.

அம்முலு: சரி வுடு.

வினோத்: ஆனா ஒண்ணு கீது. அக்கா சொன்னாங்கல்ல, ரோட்டப் பாத்துக்கினு படுத்திருந்தான்னு நைனா சொன்னாருன்னு.

அம்முலு: ஆமா.

வினோத்: நான் அவன வூட்டப் பாக்கத்தான் போட்டேன், அம்முலு. தலை படியாண்ட, காலு ரோட்டாண்ட. அப்பத்தான படிய ஏறப் பாப்பான்னு.

அம்முலு: நல்லா ஞாபகம் கீதா?

வினோத்: என்னப் பாத்து சிரிச்சான்னு சொன்னேன்ல. நான் படி மேலதான் நின்னுக்கினு இருந்தேன்.

அம்முலு: அப்ப... அவனா திரும்பினானா?

வினோத்: வேற யாரு திருப்பினது? நைனா வர்ற வரைக்கும் அங்க ஆளே இல்ல. நைனா பொய் சொல்ற மனுசனும் இல்ல.

அம்முலு: கைய ஊணி... வயித்த வச்சிக்கினு... அப்படியே சுத்தினானா?

வினோத்: வண்டி சத்தம் எதுனா கேட்டிருக்கும். பாக்கணும்னு திரும்பிக்கீறான்.

அம்முலு: மோவாக்கட்டையில செவப்பா ஒரு எடம் இருந்துது மாமா. காலைல எண்ண தடவி வுட்டேன். எங்க இடிச்சிதுன்னு தெரியல.

வினோத்: அப்ப சறுக்கிக்கீறான்.

அம்முலு: சறுக்கிட்டு மறுபடி ஊணிக்கீறான்.

வினோத்: ம்... அம்முலு, சிரிக்கறியா அயுவறியா?

அம்முலு: தெரியல, கம்னு இரு. இத்த டாக்டரம்மாவாண்ட சொன்னியா?

வினோத்: எனக்கே இப்ப அக்கா சொல்லித்தான தெரியும்.

அம்முலு: திங்கக்கெழம ஆண்டாளம்மாவாண்ட மொதல்ல இத்தத்தான் சொல்லணும்.

வினோத்: அப்ப நைனாவாண்ட?

அம்முலு: சொல்லிடலாம். ஜனங்க தின்னுட்டுப் போவட்டும். அப்பால அவர தனியா குந்தவச்சி சொல்லிடலாம். தாண்டல, ஆனா திரும்பினான்னு. ரெண்டயும் சேத்தே சொல்லலாம்.

வினோத்: தெருவுக்கு?

அம்முலு: தெருவுக்கு இன்னா? ஒரு நாள் மெய்யாலும் தாண்டுவான். அன்னிக்கு மறுபடி கொயுக்கட்ட குடுத்தா வேணாம்னா சொல்லப்போறாங்க? உங்க அக்கா மட்டும் ரெண்டு நாளு மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருப்பாங்க. பரவால்ல, நான் பாத்துக்கறேன்.

வினோத்: நீ என் மேல ஏறி வியுவேன்னு நெனச்சேன்.

அம்முலு: இன்னாத்துக்கு?

வினோத்: ஊர ஏமாத்திட்டேனேன்னு. நீ கோவமே படல. ஆச்சரியம் கூட படல. தாண்டலன்னு சொல்றேன், நீ பாட்டுக்கு கொயுக்கட்ட புடிச்சிக்கினு கீற.

அம்முலு: மாவு எறுகிடும் மாமா.

வினோத்: அம்முலு... ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நான் அவன தூக்கினு கோலத்த தாண்டித்தான் போனேன். மிதிக்கல, நல்லா ஞாபகம் கீது. நீ அப்பத்தான் போட்டிருந்த, ஈரம் கூட காயல. அவன் கெடந்தது அதுக்கும் அந்தாண்ட. அப்ப அந்தத் தடம் ஏது? நைனா போட்டோ புடிச்சி வச்சிக்கீறாரே... முட்டில மாவு ஏது?

அம்முலு: உங்க நைனா சத்தம் போட்டதும் மொதல்ல ஓடியாந்தது நான்தான் மாமா. கோலம் போட்டது போட்டபடியே கீது. ஒரு புள்ளி கலையல. அப்பவே தெரிஞ்சிடுச்சு, நீதான் தூக்கினு போய் வுட்டிருப்பேன்னு. சொல்லணும்னுதான் வாய தெறந்தேன்... அவரு புள்ளய தலைக்கு மேல தூக்கி வச்சிக்கினு அயுவுறாரு. எம்பேரன் தாண்டிட்டான், இனிமே என் மருமவள யாரும் ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னு தெருவப் பாத்து கத்தறாரு. என்னால சொல்ல முடியல. ஜனம் வர்றதுக்குள்ள குந்தி, இந்தக் கையாலதான் கோலத்த இஸ்துவுட்டேன். முட்டில மாவு தடவனதும் நான்தான்... நாளைக்கும் அதே எடத்துல போடறேன் மாமா. அவன உள்ளாற தரையில வுட்டுட்டு, நீயும் நானும் உங்க நைனாவும் படிக்கு அந்தாண்ட குந்திக்கலாம். அவனா வந்து கலைக்கற வரைக்கும் தெனமும் போடறேன்.